மணமேடைக்கு மேல் பன்னிரண்டு விளக்குகள்

திண்டுக்கல்
28.06.2025

முகேஷுக்கு,

'அன்புள்ள' என்று தொடங்கிப் பார்த்தேன். பேனா நகரவில்லை. அதனால் வெறும் பெயரோடு விட்டுவிட்டேன்.

பதினாறு நாளாக நீங்கள் போனை எடுக்கவில்லை. வாட்ஸப்பில் நான் நாலு பத்தி எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறீர்கள். கடிதத்துக்குக் கட்டைவிரல் அனுப்ப முடியாது, தபால்காரர் சிரிப்பார். அதனால்தான் இந்தத் தாளும் பேனாவும். எர்ணாகுளம் முகவரியை உங்கள் அம்மாவிடம் கேட்டு வாங்கினேன். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஊரில் அவரவர் கைச்சரக்கைச் சேர்த்துக் கதை சொல்கிறார்கள். நடந்தது இவ்வளவுதான். ஜூன் பன்னிரண்டாம் தேதி, வத்தலக்குண்டு சாலையில் அப்துல் லத்தீப் பாய் கட்டியிருக்கும் புது மண்டபத்தைத் திறப்புக்கு முன்னால் பாதுகாப்பு ஆய்வு செய்ய எங்கள் ஆபீஸ் என்னை அனுப்பியது. அங்கே ஃபால்ஸ் சீலிங் போட்டவர் நீங்கள். ஆவணி இருபத்தொன்பதில் நமக்குக் கல்யாணம் நடக்கப்போவதும் அதே மண்டபத்தில். ஏணியில் ஏறி, சீலிங் பலகை ஒன்றைத் தள்ளிவிட்டுத் தலையை உள்ளே நுழைத்தேன்.

முப்பத்தாறு சதுர விளக்குகள். ஒவ்வொன்றும் மூன்று கிலோவுக்குக் குறையாது. சீலிங்கைத் தாங்குகிற தகரச் சட்டத்தில் விளக்கை வெறுமனே வைத்துவிட்டுப் போகக்கூடாது. சட்டம் சரிந்தாலும் விளக்கு கீழே வராதபடி, எதிரெதிர் மூலைகளில் இரண்டு கம்பி, மேலே இருக்கிற கான்கிரீட்டிலிருந்து அதைத் தனியாகப் பிடித்திருக்க வேண்டும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். இருபத்துநாலு விளக்குக்கு அழகாகக் கட்டியிருந்தீர்கள். மணமேடைக்கு மேலே இருந்த பன்னிரண்டுக்கு மட்டும் கட்டவில்லை. கம்பி இல்லாமலும் இல்லை. கான்கிரீட்டில் முடுக்கியிருந்தது, கீழே வந்தது, விளக்கைத் தொடாமல் சுருண்டு பக்கத்துப் பலகையில் படுத்திருந்தது.

'தேறவில்லை' என்று எழுதினேன். பாய் திறப்பு விழாவைத் தள்ளிவைத்தார். நீங்கள் மறுநாளே வண்டி ஏறிவிட்டீர்கள்.

எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஏன் அந்தப் பன்னிரண்டு? நாம் உட்காரப்போகிற இடத்துக்கு மேலே மட்டும் எப்படிக் கை அசந்தது?

தமிழ்மதி


எர்ணாகுளம்
06.07.2025

அன்புள்ள மதிக்கு,

எனக்குப் பேனா நகர்ந்தது.

இங்கே விடாத மழை. ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஏழாவது மாடியில் சீலிங் வேலை. ஜன்னலுக்குக் கண்ணாடி இன்னும் வரவில்லை. மேகம் உள்ளே வந்து எங்கள் ஏணிகளுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போகிறது. மத்தியானம் சாப்பிட்டதும் ஜிப்சம் பலகைகளை அடுக்கி அதன்மேல் படுத்துக்கொள்வோம். அப்போது ஒரு கனவு வருகிறது. மூன்று நாளாக அதே கனவு.

சீலிங்குக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இரண்டடி இடைவெளி இருக்கும் அல்லவா, கனவில் அது ஆள் நடக்கிற உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறது. நான் அதற்குள் நடந்துபோகிறேன். மேலேயிருந்து கம்பிகள் மழை போல இறங்கி நிற்கின்றன. கையால் ஒதுக்கினால் ஒதுங்குகின்றன. கீழே நாதஸ்வரம் கேட்கிறது, பந்தியிலிருந்து சாம்பார் வாசனை ஏறி வருகிறது. ஏதோ ஒரு பலகைக்கு அடியில் நீ உட்கார்ந்திருக்கிறாய். எது என்று தெரியவில்லை. ஒவ்வொரு பலகையிலும் காதை வைத்துக் கேட்கிறேன். எல்லாப் பலகைக்கு அடியிலும் நீ சிரிக்கிறாய். விழித்துப் பார்த்தால் இன்னும் மழை பெய்துகொண்டிருக்கிறது.

கனவில்தான் சிரிக்கிறாய். அன்றைக்கு மண்டபத்தில் உன் முகம் வேறு. நான் எட்டடி தூரத்தில் நின்றேன் மதி. என் பக்கம் திரும்பி, "என்ன முகேஷ் இது?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ பாயைப் பார்த்து, "தேறல சார்" என்றாய். பெயின்ட் அடிக்கிறவர்கள் நின்று பார்த்தார்கள். மைக் செட்காரர் ஒயரைச் சுற்றுவதை நிறுத்திவிட்டார். சாயங்காலம் சேவுகம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் செய்தி எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடையில், "என்னப்பு, கட்டிக்கப் போற பொண்ணே ஒன்னய ஃபெயிலாக்கிப்புடுச்சாமுல்ல?" என்று கேட்டு டீயையும் அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள்.

ஏன் பன்னிரண்டு என்று கேட்கிறாய். காரணம் இருக்கிறது. என்னால் சொல்ல முடியாது.

முகேஷ்குமார்


திண்டுக்கல்
19.07.2025

முகேஷுக்கு,

'காரணம் இருக்கிறது, சொல்ல முடியாது.' இதைவிடக் கட்டைவிரலே தேவலை.

உங்கள் அம்மா வியாழக்கிழமை வீட்டுக்கு வந்தார். காபியைத் தொடவில்லை. "வேணாமுன்னா இப்பவே சொல்லிருங்கத்தா. நாளைக்கு எம்மகன் சோறு உங்குறதுக்கும் இவ மார்க்குப் போடுவாளோ என்னமோ" என்றார். என் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பா பாதிப் பேச்சில் எழுந்து, சம்பங்கியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தோட்டத்துக்குப் போய்விட்டார். அவர் இப்போதெல்லாம் இப்படித்தான். உங்கள் பேச்சு வந்தாலே அவருக்குப் பூச்செடி ஞாபகம் வந்துவிடுகிறது.

பாய் நல்லவர். வேறு ஆளை வைத்து ஒரே நாளில் கட்டி முடித்திருக்கலாம். "மாப்பிள்ளை வரட்டும்மா, அவர் வேலையில இன்னொருத்தர் கைவைக்கிறது மரியாதை இல்ல" என்கிறார். ஆனால் ஆவணி பிறந்து பத்து நாளுக்குள் வேலை தொடங்காவிட்டால் நம் தேதியைத் தரமுடியாது என்றும் சொல்லிவிட்டார்.

நேற்று மத்தியானம் மண்டபத்துக்குத் தனியாகப் போனேன். எதற்கு என்று எனக்கே தெரியாது. டவுன் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன், உள்ளே போனேன், செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் உட்கார்ந்தேன். நாற்காலிகள் இன்னும் வரவில்லை. அவ்வளவு பெரிய வெறும் தரையில் வெயில் ஜன்னல் ஜன்னலாகப் படுத்திருந்தது. ஆடிக் காற்று ஒரு கதவில் நுழைந்து மறு கதவில் போனது. போகிற போக்கில் சீலிங் பலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்தது. டக், டக், டக் என்று மேலே யாரோ நடக்கிற சத்தம். எல்லாம் உங்கள் கடிதத்தைப் படித்த வினை. சத்தம் என் தலைக்கு நேரே வந்து நின்றபோது, "இங்கதான் இருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த பானுப்ரியா அக்கா, "ஆருகிட்டம்மா பேசுற?" என்றார். வெட்கமாகப் போய்விட்டது.

அன்று கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் நீங்கள் இங்கேயே இருந்திருப்பீர்கள். உங்கள் அம்மா காபி குடித்திருப்பார். ஆனால் அந்த விளக்குகளுக்கு அடியில் யாரோ ஒரு வீட்டுப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பாள். அதை நினைத்தால் எழுதியதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தமெல்லாம் நீங்கள் இல்லாததில்தான்.

தமிழ்மதி


எர்ணாகுளம்
31.07.2025

அன்புள்ள மதிக்கு,

உன் கடிதத்தைப் படகில் படித்தேன். இங்கே வேலைக்குப் போவது படகில். 'இங்கதான் இருக்கேன்' என்ற இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்ததில் இறங்கவேண்டிய துறை போய்விட்டது. அடுத்த துறையில் இறங்கி மழையில் திரும்பி நடந்தேன். தண்ணீர் எது, வானம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு காலை. அந்த மேடையில் உனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதம். மேஸ்திரி கேட்டதற்கு வழி தெரியவில்லை என்றேன். ஒரு மாதமாகப் போய்வருகிற வழி.

இப்போது உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்காதே.

நீ எழுதியது தப்பு என்று நான் ஒருநாளும் சொல்லவில்லை. கம்பி கட்டாதது கட்டாததுதான். ஆனால் எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். இருபத்துநாலுக்குக் கட்டியவன் பன்னிரண்டை மட்டும் விட்டான் என்றால், அதுவும் உன் தலைக்கு மேலே விட்டான் என்றால், 'இவன் காரணமில்லாமல் செய்யமாட்டானே' என்று உனக்கு ஒரு நிமிடம் தோன்றியிருக்க வேண்டாமா? தோன்றவில்லை. கை அசந்ததா என்று கேட்கிறாய். அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது.

அசட்டையாகத்தான் விட்டேன் என்று நீ நிஜமாகவே நினைத்தால் இந்தக் கல்யாணம் வேண்டாம் மதி. காலமெல்லாம் ஒருத்தர் ஏணியில் ஏறிப் பார்ப்பதும் ஒருத்தர் கீழே நின்று தீர்ப்புக்குக் காத்திருப்பதுமாக ஒரு வீட்டை நடத்த முடியாது. 'உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும்' என்று நீ ஒரு வரி எழுதினால் அடுத்த வண்டியில் ஏறிவிடுவேன். எழுதமாட்டாய். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், அதைப் பார்த்துத்தானே சம்மதம் சொன்னேன்.

முகேஷ்குமார்


திண்டுக்கல்
10.08.2025

அன்புள்ள முகேஷுக்கு,

இன்றைக்குப் பேனா தானாக நகர்ந்தது. காரணம் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். அப்பா சம்பங்கிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். "இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா" என்றேன். மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாத்தியை உடைத்துக்கொண்டு ஓடியது. எங்கள் அப்பா தண்ணீரை வீணாக ஓடவிட்டு நான் பார்த்ததே இல்லை.

"தப்பு எம்மேல தாயி" என்றார். "மேடைக்கு மேல நம்ம தோட்டத்துச் சம்பங்கி, இருபத்துநாலு சரம், தலைக்கு மேல தொங்கணும்னு நாந்தேன் மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். ஈரச் சரம்ல, அம்புட்டுக் கனத்தையும் தகரச் சட்டம் தாங்காதுன்னாரு. நான் விடல. மறுநாளு மண்டபத்த ஒப்படைக்கணும், புதுசாக் கம்பி எறக்க நேரமில்ல. கடைசியில வெளக்குக்குன்னு எறக்கின கம்பியவே எடுத்துப் பூவுக்குன்னு சுருட்டி வச்சாரு. ஒனக்குத் தெரியக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"ரெண்டு மாசமா ஏம்ப்பா சொல்லல?"

"சொன்னா நீ பூவே வேணாமுன்னுருவ."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பாத்தித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்தே செய்தேன். விளக்கின் கம்பியை எடுத்துப் பூவுக்குக் கொடுத்த மனிதரை நான் என்ன செய்வது? மாமனாருக்குக் கொடுத்த வாக்குக்காக டீக்கடைக் கேலியை வாங்கிக்கொண்டு, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் ஊரை விட்டே போன மனிதரை?

அன்று மத்தியானம் எனக்கும் ஒரு கனவு வந்தது. மண்டபத்தில் பூச்சரங்கள் மேலேயிருந்து இறங்கவில்லை. தரையிலிருந்து வளர்ந்து ஏறின. ஏறி ஏறிப் போய், பன்னிரண்டு விளக்குகளையும் மெதுவாகப் பிடித்துக்கொண்டன. நான் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நிற்கிறேன், சரியா தவறா என்று எழுதத் தெரியவில்லை. குறிப்பேடே வாசமாக இருக்கிறது.

கனவு போகட்டும். அந்தப் பன்னிரண்டும் தேறவில்லைதான். சரம் அறுந்தால் தலையில் பூ விழும். விளக்கு சரிந்தால் என்ன விழும் என்று உங்களுக்கே தெரியும். உங்களுக்கு இருந்தது நல்ல காரணம், செய்தது தவறான வேலை. அப்பாவிடமும் அப்படியே சொல்லிவிட்டேன்.

என் பக்கத்துத் தவறும் ஒன்று உண்டு. கட்டிக்கொள்ளப் போகிறவரின் வேலையை ஆய்வு செய்ய நான் போயே இருக்கக்கூடாது. ஆபீசில் சொல்லி முதலிலேயே விலகியிருக்க வேண்டும். முந்தாநாள் எங்கள் சீனியர் ஆனந்தி மேடத்திடம் சொன்னேன். நன்றாகத் திட்டினார். மறு ஆய்வுக்கு அவரே வருவார். நான் ஆய்வு செய்யமாட்டேன்.

நீங்கள் கேட்ட அந்த ஒரு வரியை எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். வரவில்லை. சரியாகச் செய்த ஒன்றுக்கு எதற்குப் பணிய வேண்டும் என்று உள்ளே ஏதோ முரண்டு பிடிக்கிறது. பொய்யாக எழுத எனக்கு மனம் இல்லை. அந்த வரி இல்லாமலே வருவீர்களா?

தமிழ்மதி


சேவுகம்பட்டி
27.08.2025

அன்புள்ள மதிக்கு,

வந்துவிட்டேன். வரி இல்லாமலே.

கல்யாணத்துக்கு முன்னால் நாம் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா உத்தரவு போட்டிருக்கிறார். காரணத்தை அவரிடம் சொன்னேன். "பூவுக்காகவாடா? இதை மொதல்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன, நான் அந்தக் காபியக் குடிச்சுட்டு வந்திருப்பேன்ல" என்றார். இப்போது உன்னைப் பற்றி யாராவது பேசினால் அவரே சண்டைக்குப் போகிறார்.

மூன்று நாளாக மண்டபத்தில்தான் வேலை. பகல் முழுக்க மேலேயே கிடக்கிறேன். பலகையை நீக்கித் தலையை உள்ளே விட்டால் கீழே உள்ள உலகம் அணைந்துவிடுகிறது. அரையிருட்டு, சிமெண்ட் வாசனை, விளக்கின் ஓரங்களில் கசிகிற வெளிச்சம். நாம் எல்லாரும் அண்ணாந்து பார்த்து அழகு என்று சொல்வதன் முதுகுப்பக்கம் அது. அங்கே இருக்கும்போது எனக்கு யார்மீதும் கோபம் வருவதில்லை. இறங்கியதும் கொஞ்சம் வருகிறது.

கம்பிகளை விளக்குக்கே திருப்பிக் கொடுத்துவிட்டேன். உன் அப்பாவின் பூவுக்கு, கான்கிரீட்டில் தனியாகத் துளை போட்டு இருபத்துநாலு கம்பி இறக்கியிருக்கிறேன். அவர் வந்து ஒவ்வொன்றையும் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். பாய் பயந்துவிட்டார். முப்பத்தாறு விளக்கில் முப்பத்தைந்து முடிந்தது. மேடைக்கு மேலே ஒன்றே ஒன்றை விட்டுவைத்திருக்கிறேன். நீதான் இனி ஆய்வு செய்யப்போவதில்லையே, அதனால் நீ கட்டலாம். கம்பியும் இடுக்கியும் பலகை மேலேயே இருக்கின்றன. வெள்ளிக்கிழமை நான் பத்திரிகை வைக்கப் பழனிக்குப் போகிறேன். அன்று நீ போ.

அந்த ஒரு வரியைப் பற்றி இனி கேட்கமாட்டேன். அது எனக்கு வேண்டாம் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதே. எனக்கும் பொய் எழுத வராது.

முகேஷ்குமார்


திண்டுக்கல்
10.09.2025

அன்புள்ள முகேஷுக்கு,

அப்பா வத்தலக்குண்டுப் பக்கம் வண்டி எடுக்கிறார். இதை அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பிரித்துப் படிக்கமாட்டார், அந்தத் தைரியம் இப்போது அவருக்கு இல்லை.

நீங்கள் சொன்ன வெள்ளிக்கிழமை போனேன். ஏறினேன். இத்தனை வருடமாக எத்தனையோ சீலிங்குக்குள் தலையை விட்டிருக்கிறேன், டார்ச் அடித்துக் குறை தேடத்தான். அன்று முதல்முறையாகத் தேட ஒன்றும் இல்லாமல் நின்றேன். நீங்கள் கட்டிய கம்பிகள் வரிசையாக, ஒன்றுபோல, இருட்டு தொடங்குகிற இடம்வரை போயின. பானுப்ரியா அக்கா கீழே துடைப்பத்தோடு ஏதோ பாடிக்கொண்டிருந்தார். அந்தப் பாட்டு எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. உங்களோடு ஒரு வீட்டுக்குள் நிற்பது போலவே இருந்தது. பிறகு ஞாபகம் வந்து, என் விளக்கைக் கட்டிவிட்டு இறங்கினேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் கட்டியதில்லை.

நேற்று ஆனந்தி மேடம் மறு ஆய்வுக்கு வந்தார். உங்களால் வர முடியவில்லை, அது நல்லதாகப் போயிற்று. நான் ஓரமாக நின்றேன். பாய் இருந்தார், அப்பா இருந்தார், மைக் செட்காரர் இருந்தார், பந்தி நாற்காலி இறக்க வந்தவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். மேடம் முப்பத்தாறையும் பார்த்தார். இறங்கினார். என் பக்கம் திரும்பவே இல்லை. பாயைப் பார்த்து, "முப்பத்தஞ்சு சரி. மேடைக்கு மேல ஒண்ணு தேறல. கம்பிய ரெண்டு முறுக்கோட விட்டிருக்காங்க, மூணு வேணும். யாரோ புது ஆள் கட்டினது" என்றார்.

காது நுனிவரை சூடு ஏறியது. ஆறு பேரும் அண்ணாந்து அந்த விளக்கைப் பார்த்தார்கள். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சரி என்பதால் வலி ஒரு துளிகூடக் குறையவில்லை. எனக்கும் காரணம் இருந்தது முகேஷ். சந்தோஷத்தில் எண்ண மறந்துவிட்டேன். அதை யாரும் கேட்கவில்லை. யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டால் போதும் என்று இருந்தது. நீங்கள் எட்டடி தூரத்தில் நின்றது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

உங்களிடம் முதலில் கேட்டிருக்க வேண்டும். எழுதியது சரி, கேட்காமல் எழுதியது தப்பு. மன்னித்துவிடுங்கள்.

நாளைக் காலை மண்டபத்துக்கு வந்து அந்த ஒரு முறுக்கைப் போட்டுவிட்டுப் போங்கள். மேடையில் யார் எங்கே உட்காருவது என்று இன்றைக்கு அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் தலைக்கு மேலே வருகிற விளக்கு நீங்கள் கட்டியது. நான் கட்டியது உங்கள் தலைக்கு மேலே வருகிறது.

மதி